கற்பூரவள்ளி ஆவியும் இறுதிப் போட்டியும்

கஹவத்தைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், கரப்பந்தாட்டத்தில் முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்திருந்தார்கள். அணித் தலைவி என் மனைவி. மைக்கில் தமிழிலும் சிங்களத்திலும் வர்ணனை சொல்ல வேண்டியவன் நான். அன்று காலை எழுந்தபோது மூக்கு அடைத்து, நெஞ்சில் சளி கட்டி, தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"வேற யாரையாச்சும் பேசச் சொல்லட்டா?" என்று கிசுகிசுத்தேன்.

"நீங்க பேசலன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுங்க," என்றவள், குசினி வாசலில் வளர்ந்திருந்த கற்பூரவள்ளியை ஒரு கை நிறையப் பறித்தாள். பாதியைக் கொதிநீரில் போட்டு, என்னைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கச் சொன்னாள். மீதியை நெருப்பில் வாட்டிப் பிழிந்து, தேன் கலந்து கொடுத்தாள். அதன் காட்டத்தில் கண்ணில் நீர் வந்தது. சளி முழுவதும் போகவில்லை. ஆனாலும் மூச்சு இலேசானது, பத்து மணிக்குள் கரகரவென்று ஒரு குரலும் வந்துவிட்டது. அது போதும் என்று மைதானத்துக்கு ஓடினேன்.

கடைசிச் சுற்றில் எங்களுக்கு இன்னும் ஒரு புள்ளிதான் தேவைப்பட்டது. அவள் எகிறி அடித்த பந்து எதிரணியின் கோட்டுக்குள் விழுந்தது. ஆட்டக்காரர்களை இலக்கம் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் எல்லாவற்றையும் மறந்து, "எங்க வீட்டுக்காரி அடிச்சிட்டா, வீட்டுக்காரி அடிச்சிட்டா!" என்று மைக்கில் கத்திவிட்டேன். மைதானமே சிரித்துக் கைதட்டியது. வலையருகே அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.