மைதா போட்ட கறி

பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுகிறவனாக வேலைக்குச் சேர்ந்தவன் நான். இன்று சிவகாசியில் சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறேன். படிப்பு கொஞ்சம்தான், ஆனாலும் எனக்குத் தெரியாத வேலையே கிடையாது என்றுதான் போன மாதம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் காலில் இருக்கும் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை. யார் எதைக் கொடுத்தாலும், "இதுல கோதுமை, மைதா கலந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவர் குடலுக்கு அது ஆகாது.

"ஒங்களுக்குன்னே நான் சமைக்கிறேன். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வாங்க சிஸ்டர்" என்றேன்.

கொத்துக்கறியையும் காளானையும் வெங்காயம், தக்காளியோடு வதக்கி வேகவைத்தேன். தண்ணியாக இருந்தது. ஒரு கரண்டி அரிசி மாவு போதும். ஆனால் பசை காய்ச்சிய கை, தானாகப் போய் மைதாவைக் கரைத்து ஊற்றிவிட்டது.

பரிமாறியதும் அவர் கேட்டார்: "எதைப் போட்டீக அண்ணாச்சி, இம்புட்டுக் கெட்டியா வந்திருக்கு?"

"மைதாதான்!" என்று பெருமையாகச் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்க மனசில்லை.

"ஒரு கரண்டிதான சிஸ்டர்? தின்னா செத்தா போயிருவீக?"

அவர் சிரித்தார். "சாக மாட்டேன் அண்ணாச்சி. ஒரு வாரத்துக்கு எந்திரிக்க முடியாது. ஒங்க காலுக்கு யாரு கட்டு மாத்துவா?"

வெறும் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். பிறகு என் காலடியில் உட்கார்ந்து, துளியும் நோகாமல் கட்டு மாற்றினார்.

கொஞ்சம் வலிக்க வைத்திருக்கலாம்.