அடைத்து வைத்த ஏழு துளைகள்

அன்று கரவனுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, இருபத்துமூன்று வயதான எங்கள் மகள், மனைவியின் தம்பி, பிறகு அந்தக் கரவனை எங்களுக்கு விற்ற நோர்வேக்காரர். ஐந்தாவது ஆள் ஏறியதும் கரவன் ஒரு பக்கம் சாய்ந்தது. பின்மூலையில் முண்டு கொடுக்கும் இரும்புக் கால் ஒன்று மற்றதைவிட இரண்டு விரற்கடை குட்டை. அது வாங்கிய அன்றே தெரிந்த குறை. நாங்கள் பேச வேண்டியிருந்தது வேறொரு குறையைப் பற்றி.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சக்கர வீடு. விலை அறுபத்திரண்டாயிரம் குரோணர். ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்திருந்தோம். மிச்சத்தை ஒரு மாதம் கழித்துக் கொடுப்பது, அந்த மாதத்துக்குள் சுவரில் ஈரம் கண்டால் கரவனைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்குவது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருந்தோம். அந்த நிபந்தனையைக் கேட்டவன் நான்தான். பஸ் கழுவுவது என் வேலை. தண்ணீர் எந்த இடுக்கால் உள்ளே போகும் என்று நான் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய கரவனில் கூரை ஒழுகினால் சுவர் உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும், பிறகு ஒரு சதத்துக்கும் விற்க முடியாது என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

மனைவிக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்கு இருந்தது ஒரு ஆசை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே இருக்கிற கிழவிகள் வடக்கில் சூரியன் மறையாத இரவுகளைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இந்த வருடம்தான் முதன்முறையாக அவளுக்கு ஆடி மாதத்தில் நான்கு வார விடுமுறை ஒன்றாகக் கிடைத்தது. தான் போகப் போவதாக அந்தக் கிழவிகள் எல்லோரிடமும் சொல்லியும்விட்டாள். கரவன் போனால் பயணம் போச்சு. ஹோட்டலில் தங்கி வடக்கே போகிற வசதி எங்களுக்கு இல்லை.

நான் வைத்த இன்னொரு நிபந்தனை ஒத்திகை. அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், நாங்கள் குடியிருக்கிற புருசெத்தில் எங்கள் மாடிக்குக் கீழே, கார் விடுகிற இடத்தில், மூன்று வாரக் கடைசிகள் அதற்குள் படுத்துச் சமைத்துப் பார்ப்பது. எங்கள் நான்காம் மாடி ஜன்னல் அங்கிருந்து தெரியும்.

"அப்பா, வீட்டுக்கு முன்னாலை படுத்திருக்கிற ஒரே ஆக்கள் நாங்கள்தான்," என்று மகள் முகத்தை மூடிக்கொண்டாள். "என்ரை சிநேகிதி பார்த்திட்டுக் கேக்கிறாள், வீட்டாலை கலைச்சுப் போட்டினமோ எண்டு."

ஒத்திகையில் குறைகள் வரிசையாக வந்தன. கழிப்பறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் படுத்திருப்பவரின் முழங்காலில் அடிக்கும். விளக்கு அணைக்கும் பொத்தான் வாசலில். அணைத்துவிட்டு இருட்டில் தடவித் தடவி வர வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலையும் சூடாக்கியையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். நின்றதைத் திரும்பப் போடுகிற பொத்தானை எந்தப் புண்ணியவான் அலுமாரிக்குள் வைத்தானோ தெரியாது. கரண்டிகள் கிடக்கிற இழுப்பறை, கரவன் அசைந்தால் தானாகத் திறந்து எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டும். ஆனால் மோசமானது அடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே, ஒரு முழம்கூட விடாமல், ஒரு அலுமாரியைத் தொங்க விட்டிருந்தார்கள். பானைக்கு மேல் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை வைத்தால் அதன் தலை அலுமாரியின் அடியில் முட்டும்.

"இதைச் செய்தவன் உருளைக்கிழங்கை மட்டும் அவிச்சவன்," என்றாள் மனைவி. என்றாலும் வெள்ளி இரவு புட்டு, சனி காலை இடியப்பம், மத்தியானம் சோறு என்று அவள் ஒன்றையும் விடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலை சீனி எடுக்க அந்த அலுமாரியைத் திறந்தேன். சீனி கட்டியாகிக் கிடந்தது. பின்பக்கத்துச் சுவர்த்தாள் கொப்பளித்திருந்தது. பெருவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

அலுமாரிக் கதவைச் சாத்தினேன். பிறகு தேத்தண்ணி குடிக்க வந்திருந்த மனைவியின் தம்பிக்குக் காட்டினேன். அவனும் அழுத்திப் பார்த்தான்.

"அத்தான், உது கரவன் இல்லை. தேத்தண்ணியிலை தோய்ச்ச பாண் துண்டு."

"பகிடி விடாதை. மாதம் முடிய இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு."

"அப்ப என்ன யோசினை? திருப்பிக் குடுங்கோ. காசு வரும். அக்கா ரெண்டு நாள் கதைக்க மாட்டா, அவ்வளவுதான்."

அக்கா அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அலுமாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிச் சீனியைக் குப்பையில் போட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மகள் கரவனை விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் இருக்கிற அம்மருட்டில் இருந்து அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற தச்சர். படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கரவனை விற்றதற்கே அந்தப் படியின் உயரம்தான் காரணமாம். கையில் ஈரம் பார்க்கும் கருவி, சவரக் கத்தி அளவு, முனையில் இரண்டு ஊசிகள், ஈரம் இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும். முதலில் வெளியே போய்க் கூரை விளிம்பு முழுக்க வைத்துப் பார்த்தார். பச்சை. ஜன்னல் ஓரங்களிலும் பச்சை. உள்ளே வந்து அலுமாரிச் சுவரில் வைத்தார். சிவப்பு. கருவி கீச்சிட்டது.

அவர் மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்தார். பிறகு இங்கே என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார்.

மனைவி நீத்துப்பெட்டியைக் காட்டினாள். ஓலையால் பின்னிய அந்தக் கூம்பை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தச்சருக்கு அதன் பின்னல் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் ஆவி வரும் என்று கேட்டார். மனைவி விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, முழங்கால் நோகக் குனிந்து, அடுப்புக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தார்.

அங்கேதான் நான் அகப்பட்டேன்.

வீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கிற காற்றுத்துளையைத் துணியால் அடைப்பது இங்கே எங்கள் ஆட்களின் வழக்கம். வந்த முதல் குளிர்காலத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியது. மாடி நிர்வாகத்தில் இருந்து கடிதம் வரும், துணியை எடுப்போம். பிறகு திரும்ப அடைப்போம். முதல் ஒத்திகை இரவில் கரவனின் தரையில் இருந்து குளிர் வந்ததும் நான் யோசிக்கவே இல்லை. இடுப்பில் உடுத்துகிற பழைய சாரம் ஒன்றைக் கிழித்துக் கண்ட துளையெல்லாம் அடைத்துவிட்டேன்.

அவர் முதல் துணியை இழுத்தார். பிறகு குளிர்பெட்டிக்குக் கீழே இருந்து ஒன்று. கூரைக் கதவின் ஓரத்தில் இருந்து ஒன்று. வித்தைக்காரர் தொப்பிக்குள் இருந்து எடுப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. மகள் நோர்வே மொழியில் எண்ணினாள். ஏழு.

"அத்தான், கோவணத்துக்காவது ஒரு துண்டு விட்டனீங்களோ?" என்றான் மனைவியின் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். தச்சர் சிரிக்கவில்லை. கூரை ஒழுகவில்லை, வெளியே போக வழியில்லாத ஆவிதான் சுவரில் ஊறியிருக்கிறது என்றார். அடுப்புக்குக் கீழ்த் துளையைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: காஸ் கசிந்தால் அது கீழே இறங்கி இதால்தான் வெளியே போகும். இதை அடைத்துவிட்டு நித்திரை கொள்ளக்கூடாது. துளைக்கு மேலே பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. இதுவரை என் துணி அதை மூடியிருந்தது.

"என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?"

"ஒருக்காலும் அடைக்காதே எண்டு, அப்பா."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நோர்வேக்காரரின் கையெழுத்தைக் கோடு என்றுதான் நினைத்திருந்தேன். மகள் தேடத் தேட எல்லா இடத்திலும் எழுத்து இருந்தது. இழுப்பறையில், 'இதை நம்பாதே.' கழிப்பறைக் கதவில், 'முழங்கால் கவனம்.' பின்மூலைக் காலின் அருகே, 'பலகைத் துண்டு ஒன்று வை.' பதினெட்டு வருடம் இந்தக் கரவனை வைத்திருந்து முழங்காலில் அடிபட்ட மனிதர் ஒவ்வொரு குறைக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். நான் இராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துப் பயந்துகொண்டு கிடந்தேன். தலைமாட்டிலேயே பதில் இருந்திருக்கிறது.

அவர் சட்டைப்பையில் இருந்து எங்கள் தாளை எடுத்தார். ஈரம் கண்டால் திருப்பி எடுப்பேன் என்று எழுதியிருக்கிறது, ஈரம் இருக்கிறது, விருப்பமென்றால் இன்றைக்கே எடுக்கிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை.

எனக்கு வாய்வரை 'ஓம், எடுங்கோ' வந்தது. காசு கையில் வந்தால் அன்றிரவு நித்திரை வரும். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரிடம் நேரே, தன்னுடைய சமையலறை நோர்வே மொழியில், இது காயுமா என்று கேட்டாள்.

காயும், அலுமாரியைத் திறந்து வைத்து இரண்டு வாரம் சூடாக்கியைப் போட்டால் காயும், கொப்பளம் மட்டும் போகாது என்றார் அவர்.

"கொப்பளம் கிடக்கட்டும்," என்றாள் அவள் என் பக்கம் திரும்பி. "பிழை எங்கடை. அந்த மனுசன்ரை தலையிலை கட்டிப்போட்டு நான் அந்தக் கிழவியளுக்கு என்ன சொல்லுறது? இஞ்சாருங்கோ, தாளைக் கிழியுங்கோ."

"கிழிச்சாப் பிறகு ஒழுகினால்?"

"ஒழுகினால் சட்டி வைப்பம்."

மகள் அதை மொழிபெயர்த்தாள். இப்போதுதான் தச்சர் சிரித்தார். தாளைக் கிழிக்க அவர் விடவில்லை. துளைகளை அடைத்து வைத்த மாதம் ஒரு சோதனையே அல்ல, திறந்து வைத்து வடக்கே போய் மழையில் நின்று பாருங்கள், வந்த பிறகு மிச்சக் காசைத் தந்தால் போதும் என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். போகும்போது ஒரு பெட்டி நிறையப் புட்டும் சம்பலும் மனைவி கட்டிக் கொடுத்தாள்.

சுவர் பன்னிரண்டாம் நாள் பச்சை காட்டியது. அதைப் பார்க்கவே நான் சொந்தமாக ஒரு ஈரக்கருவி வாங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு தரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். வெளியே வைத்துச் சமைக்க ஒற்றை அடுப்பு ஒன்றும் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் வாங்கியாயிற்று. தொங்கும் அலுமாரியின் கதவில் தச்சரின் எழுத்துக்களுக்குப் பக்கத்தில் மனைவி தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: 'புட்டு வெளியில்.' கொப்பளத்தின் மேல் கிழவிகள் கொடுத்துவிட்ட வடக்குக் கடல் படம் ஒன்றை ஒட்டியிருக்கிறாள்.

நாளைக் காலை புறப்படுகிறோம். பின்மூலைக்குப் பலகைத் துண்டு எடுத்தாயிற்று. துளைகளை எண்ணிப் பார்த்தேன், ஏழும் திறந்திருக்கின்றன. குளிர் வரும், வரட்டும். திரும்பி வந்ததும் நேரே அம்மருட்டுக்குப் போய் அவர் கையில் கொடுக்க வேண்டிய மிச்சம் பன்னிரண்டாயிரம் குரோணர்.