நடக்கும் முன்னே அவித்த கொழுக்கட்டை

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்த பிள்ளைகள் பதினொன்று. நான் பெற்றது நான்கு, தாயில்லாமல் போன கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு, பேரப்பிள்ளைகள் ஐந்து. பதினொன்றில் பத்து நடந்தது. நடக்காத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு நின்றது. எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிவிடும். ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்.

அவனை நினைத்தால் முதலில் என் தொடையில் தெரிவது அவனுடைய கால்விரல்கள்தான். என் கடைசி மகளின் தலைச்சன் பிள்ளை அவன். கைக்குழந்தையாக இருக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மடியில் நிறுத்தினால், இரண்டு காலையும் கம்பு மாதிரி விறைத்து, நுனிவிரல் பத்தையும் என் தொடையில் ஊன்றி நிற்பான். புடவைக்கு மேலேயே நகம் பதியும். அந்த வலி எனக்கு வெல்லமாக இருந்தது.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுவோம். மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் வேலை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். கை நிறைய வளையலோடு வந்தவளுக்கு அந்த வாரமே பனிக்குடம் உடைந்துவிட்டது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சோப்புத் தண்ணீர் தடவி வளையல்களை அவசர அவசரமாகக் கழற்றி என் முந்தானையில் போட்டார்கள். அவை முந்தானையில் குலுங்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது என்றார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்கள் காட்டியதைப் பிள்ளை என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அணில் குஞ்சு மாதிரி இருந்தான். மூக்கில் குழாய், காலில் குழாய். மகளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்து வேறு வார்டில் கிடந்தாள். பெட்டியை விட்டு வெளியே எடுத்த பிறகு, பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டு வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன்.

"ஆயா, கூச்சப்படாதீங்க. ரவிக்கைய கழட்டிட்டு, புள்ளய நெஞ்சோட போட்டுக்கினு சாஞ்சிக்கோங்க. ஒங்க ஒடம்பு சூடுதான் இவனுக்கு மருந்து" என்றாள் நர்ஸ்.

"எங்க வீட்டுக்காரர் முன்னாலயே நான் வெளிச்சத்துல ரவிக்க கழட்டனதில்லம்மா" என்றேன். வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

நெஞ்சில் கிடக்கும்போதே திடீரென்று அவனுக்கு மூச்சு நின்றுவிடும். அப்போது உள்ளங்காலைச் சுண்ட வேண்டும் என்று அந்த நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தாள். சுண்டினால் ஓர் உதறு உதறி மூச்சை இழுப்பான். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தக் காலை எத்தனை முறை சுண்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. போனவனைக் காலைப் பிடித்துத் திரும்பத் திரும்ப இழுத்து வந்தேன். அதனால்தானோ என்னவோ, அவன் காலின் மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சம்பந்தியம்மா பார்க்க வந்தார்கள். "ஏழாம் மாசத்து ஆம்பளப் புள்ள கெட்டிங்க. ஒண்ணும் ஆவாது" என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள். கெட்டியாகத்தான் இருந்தான். மடியில் நிறுத்தினால் அப்படி நின்றான். அதைப் பார்க்கவே தெருப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு எப்போதும் வாய் நீளம்.

"அக்கா, ஒம் பேரன் இன்னும் உக்காரவே இல்ல, அதுக்குள்ள நிக்கறான். பாத்துக்கினே இரு, அடுத்த மாசம் இவனே பஸ் புடிச்சி திண்டிவனம் போயி அப்பன்கிட்ட டிபன் வாங்கித் துண்ணுட்டு வந்துருவான்."

எல்லாரும் சிரித்தோம். உட்காரவில்லை என்பதும் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அவன் குப்புற விழுந்ததும் இல்லை. கழுத்து மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கும். குறைமாதப் பிள்ளைக்குக் கழுத்து மெதுவாகத்தான் நிற்கும் என்று இருந்துவிட்டோம்.

பிள்ளை நடக்கத் தொடங்கினால் கொழுக்கட்டை அவித்து, அது எட்டு வைக்கிற இடத்தில் உருட்டிவிட்டு, தெருப் பிள்ளைகளைப் பொறுக்கித் தின்ன விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் பிள்ளைகள் எல்லாருக்கும் செய்திருக்கிறேன். நடந்த பிறகுதான் செய்ய வேண்டும். ஆனால் இவன் பிறப்பிலேயே முந்திக்கொண்டு வந்தவன். எல்லாவற்றிலும் முந்துகிறான், நாமும் முந்துவோம் என்று மாவு இடித்தேன். வெல்லமும் தேங்காயும் வைத்துக் குண்டான் நிறைய அவித்தேன். மகள் ஒரு கையையும் எதிர்வீட்டுக்காரி ஒரு கையையும் பிடித்து அவனை வாசலில் நடத்தினார்கள். நுனிக்காலில் எட்டு வைத்தான். ஒரு கால் இன்னொரு காலின் குறுக்கே கத்தரிக்கோல் மாதிரி போய்ப் பின்னிக்கொண்டது. "பாருடி, புது மாப்பிள மாரி வெக்கப்பட்றான்" என்றார்கள். பிள்ளைகள் கொழுக்கட்டைக்கு அடித்துக்கொண்டன. அவனும் வாய் கொள்ளாமல் சிரித்தான்.

அடுத்த முறை விழுப்புரத்துக்குக் காட்டப் போனபோது நானே டாக்டரம்மாவிடம் சொன்னேன், "நிக்கறாம்மா" என்று. அந்தப் பெண்ணுக்கு என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். அவனைத் தூக்கி நிறுத்தினாள். பாதத்தை மடக்கிப் பார்த்தாள். தொடையை விரித்துப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஆயா, இது நிக்கறது இல்ல. நரம்பு இறுக்கிப் புடிக்குது. சீக்கிரம் பொறந்ததால மூளையில அடிபட்டிருக்கு. காலுக்கு மூளை சொல்றது போய்ச் சேரல. இது பலம் இல்ல ஆயா."

அவன் அப்போதும் மேசையின் மேல் விறைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

கொழுக்கட்டை அவித்ததைத் தப்பு என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்றப் பிள்ளைகளைப் பார்த்த கண்ணால்தான் இவனையும் பார்த்தேன். எனக்கு வேறு கண் ஏது.

மகள் பிள்ளையோடு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள், மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பஸ்ஸிலேயே கழித்தோம். கைகால் பயிற்சி கொடுக்கும் டீச்சர் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருவாள். மகளும் நானும் மாற்றி மாற்றி இடுப்பில் சுமந்துகொண்டு போவோம். எண்ணெய், வெந்நீர், காலில் மாட்டும் பிளாஸ்டிக் அச்சு, நிற்க வைத்துக் கட்டும் பலகை என்று எதையும் விடவில்லை. அவன் உயரமாக வளர்ந்தான். காலும் அவனோடு வளர்ந்ததே தவிர இறுக்கம் விடவில்லை. ஒருநாள் கண்டக்டர் ஒருவர், "எவ்ளோ பெரிய புள்ள, எறக்கி வுடு ஆயா, நடக்கட்டும்" என்றார். "அவன் நடந்தா நீ சொல்லித்தான் எறக்கி வுடுவனாப்பா?" என்றேன். அந்த மனிதர் பிறகு எங்களைக் கண்டால் முன் சீட்டில் இருப்பவரை எழுப்பிவிட்டு உட்கார வைப்பார். அப்படிக் கிடைக்கிற சீட்டு எனக்குப் பிடிக்காது. உட்காருவேன், இடுப்பு கேட்காது.

நடுவில் அவனுக்கு ஒரு தங்கை பிறந்தாள். மாதம் நிறைந்து பிறந்தவள். குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், ஒருநாள் சுவரை விட்டுவிட்டு நடுவீட்டில் தானாக நடந்து வந்தாள். நான் அரிசியை ஊற வைத்தேன். மகள் வந்து அந்தப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"வேணாம்மா. அவன் பாத்துக்கினு இருக்கான்."

அந்த அரிசியை ஆட்டி இட்லி ஊற்றினோம். நடக்காதவனுக்குக் கொழுக்கட்டை அவித்தேன், நடந்தவளுக்கு அவிக்கவில்லை. அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் தொடையைத் தொட்டாலே அலற ஆரம்பித்தான். விழுப்புரத்தில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பு இழுத்து இழுத்துத் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தை விட்டு விலகிவிட்டதாம். இனி நடப்பதைப் பற்றி நினைக்க வேண்டாம், வலி இல்லாமல் உட்கார வைப்பதைப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மா, இனிமே நடப்பான்னு நீ யார்கிட்டயும் சொல்லாத. அவன்கிட்டயும்."

 கூட்டேரிப்பட்டு வந்ததும் மகள் அவனைத் தூக்கிக்கொண்டாள், நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இப்போது அவனுக்குப் பதிமூன்று வயது. என்னால் தூக்க முடியாது. மகளும் குனிந்தால் நிமிர நேரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தூக்கிக் குளிப்பாட்டுகிறார். எங்களுக்குப் பிறகு யார் தூக்குவார்கள் என்று வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை. சாயங்காலம் அவன் காலை என் மடியில் போட்டு எண்ணெய் தேய்ப்பது மட்டும் இன்னும் என் வேலை. தங்கையின் குதிகால் வெடித்து மண் அப்பிக் கிடக்கும். இவனுடைய உள்ளங்கால் நான் ஆஸ்பத்திரியில் சுண்டிய கால் மாதிரியே மெத்தென்று இருக்கிறது, மண்ணே படாமல். விரல் பத்தும் இப்போதும் என் தொடையில்தான் ஊன்றுகின்றன.

எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம், "இன்னிக்கி நடப்பியாடா கண்ணு?" என்று கேட்பது என் பழக்கம். அவனுக்குப் பேச்சு வராது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரிப்பான். பஸ்ஸில் வந்த அந்த நாளிலிருந்து நான் கேட்பதில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததும் என் வாயையே பார்க்கிறான். தேய்த்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

பள்ளிக்கூடம் விட்டுப் பேத்தி வந்துவிட்டாள். பாப்பா, கையக் கழுவிக்கினு வா. ஆயா எழுதினத ஒருவாட்டி படி, எழுத்து சரியா இருக்குதான்னு பாக்கணும். ஒனக்குக் கொழுக்கட்ட அவிக்காத எடம் வந்தா நிறுத்தி என்ன கேக்காத, போய்க்கினே இரு. அண்ணன் பக்கம் திரும்பி ஒக்காந்து நல்லா சத்தமா படி, எண்ண தேய்க்கறப்ப நான் கேக்கற கேள்விய அவன் மூஞ்சியப் பாத்துப் படி. பெரிய டாக்டர் சொன்ன எடத்த மட்டும் வாய்க்குள்ள படிச்சிக்கோ.