பத்து நிமிடம் கழித்துப் போகும் மெயில்

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அண்ணன் எழுந்து நின்று, "மெயில் கிளம்பப் போகுது, யாருக்காச்சும் மனசு மாறிடுச்சா?" என்று குரல் கொடுப்பார். பிராட்பேண்ட் வந்து ஒரு வாரம் ஆகிறது. மெயில் இப்போது அடித்த கையோடு போய்விடுகிறது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. குரல் மட்டும் நிற்கவில்லை. "பழக்கதோஷம்" என்று தானே சிரித்துக்கொள்வார்.

அலுவலகத்தில் அவருக்கு மோடம் அண்ணன் என்று பெயர். டயல்-அப் காலத்தில் எல்லோருடைய மெயிலும் அவர் மேஜைக்கடியில் இருக்கும் சர்வரில் சேர்ந்து கிடக்கும். பதினொன்றுக்கும் நாலுக்கும் போன் லைனில் இணைப்புப் போடுவார். மோடம் கீச்சிடுவதைக் கேட்டே, "இன்னிக்கு லைன் மாட்டாது" என்பார், சொன்னபடி மாட்டாது. கோபத்தில் எதையாவது எழுதிவிட்டவர்கள் நடுவில் பூனை மாதிரி வந்து நிற்பார்கள். "அண்ணே, அதை எடுத்துடுங்களேன்." எடுத்துவிடுவார். படித்துப் பார்க்க மாட்டார்.

"எழுதின நிமிஷமே போயாகணும்" என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றுதான் பிராட்பேண்ட் வந்தது. அண்ணனுக்கும் சந்தோஷம்தான். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாற்றினார். ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. ஆனால் எழுந்திருக்குமுன், வெளியே போகிற எதுவும் பத்து நிமிடம் சர்வரில் காத்திருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். மச்சானிடம் ஒரு தடவை போனில் வாயை விட்டுவிட்டு, மூன்று வருடம் பேச்சில்லாமல் தவித்தவர் அவர். மேனேஜருக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழியும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேற்று மேனேஜரே வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு மெயில் அனுப்பிவிட்டாராம்.

"பழைய மாதிரி இருந்தா நாலு மணி வரைக்கும் கெடந்திருக்கும். என் வேலை போச்சுய்யா."

"எப்ப சார் அனுப்பினீங்க?"

"ஏழெட்டு நிமிஷம் இருக்கும்."

அண்ணன் திரையைப் பார்த்தார், மெயில் இன்னும் அங்கேதான் நின்றது. அந்த மெயிலைக் காட்டினால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனாலும் திரையை மேனேஜர் பக்கம் திருப்பி, கீபோர்டைத் தள்ளினார். "நீங்களே அழிச்சுடுங்க சார்."

மேனேஜர் டெலீட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவருக்கு மூச்சு திரும்பிய பிறகுதான் உறைத்தது. "ஏன்யா, இது எப்படி இன்னும் இங்க இருந்துச்சு?"

"எல்லா மெயிலும் பத்து நிமிஷம் நின்னுதான் சார் போகுது. நான்தான் அப்படி வெச்சேன்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"கோபம் அடங்கவே எனக்கு எட்டு நிமிஷம் ஆச்சு. பத்து போதாதுய்யா."

அண்ணன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பத்தை அழித்துவிட்டு இருபது என்று அடித்தார்.