தண்ணீரில் போன சங்கரா

மேற்குத் தாம்பரத்தில் முப்பது வருடம் ஃப்ரேம் கடை வைத்திருந்தேன். சாமி படம், கல்யாண போட்டோ, டிகிரி சர்டிபிகேட் என்று எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஆனால் இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான்.

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சரம்மா நான்கு பழைய மீன் படங்களைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. செப்புத் தகட்டில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சடித்து, அப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் ஆள் உட்கார்ந்து தூரிகையால் நிறம் தீட்டியது. சிவப்புச் சங்கரா, பச்சைக் கிளிமீன், நீல வஞ்சிரம், மஞ்சள் பாறை. ஈரம் பட்டுத் தாளெல்லாம் பழுப்புப் புள்ளி.

“பாய், எங்க வீட்டுக்காரர் மீன்வளத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவர். இப்ப எல்லாம் மறந்துபோச்சு, என் பேர்கூடத் தெரியலை. ஆனா தினம் காலையில இந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு நாலு மீன் பேரையும் டக்குனு சொல்லிடுவார். அது ஒண்ணுதான் மிச்சம். கறையை எடுத்து, ஃப்ரேம் போட்டு சீக்கிரம் குடுத்துடுங்க.”

“கவலைய வுடுங்கம்மா. ஜம்முனு பண்ணித் தரேன்” என்றேன். வாய்க்கொழுப்பு!

கறை படிந்த அச்சுப் படத்தை ட்ரேயில் தண்ணீர் ஊற்றி ஊறவைப்போம். அதற்கு முன் ஈரப் பஞ்சை ஓரத்தில் ஒற்றி, மை கரைகிறதா என்று பார்ப்பது வழக்கம். மீனின் லத்தீன் பெயர் அச்சடித்திருந்த ஓரத்தில் ஒற்றினேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. எண்ணெய் மை எப்படிக் கரையும்? மீன் மேல் இருப்பது வாட்டர்கலர் ஆயிற்றே, அதன் மேலும் ஒற்றிப் பார்ப்போம் என்று இந்த மடையனுக்குத் தோன்றவில்லை. நான்கையும் தண்ணீரில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், யா அல்லாஹ், ட்ரே முழுக்கச் சேறு நிறத்தில் தண்ணீர். பழுப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன. மீன்களின் நிறம்தான் போயிருந்தது.

வாட்டர்கலர் வாங்கிச் சங்கராவுக்குச் சிவப்புப் பூசிப் பார்த்தேன். ஊறிய தாள் நிறத்தை உறிஞ்சித் திட்டுத்திட்டாய் நின்றது.

“யானைக்கும் அடி சறுக்கும்ங்க” என்றாள் என் மனைவி.

“சறுக்குனது நானு. அடிபட்டது அந்த மனுஷன்டி” என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஊரப்பாக்கம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். டீச்சரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படங்களைக் கணவர் முன் பரப்பி, சங்கராவின் மேல் விரல் வைத்து, “இது என்ன மீன், சொல்லுங்களேன்” என்றார். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

“எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்க.”

தம்பிகளே, கையால் நிறம் தீட்டிய படம் வந்தால் ஒவ்வொரு நிறத்தின் மேலும் தனித்தனியாகப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. இதைக் கற்றுக்கொள்ள நான் அந்த மனிதரிடம் மிச்சமிருந்ததைச் செலவழித்துவிட்டேன்.