அட்டையோடு கேட்ட காது

9.6.2025 – ஐம்பதுக்கு 43
23.6.2025 – ஐம்பதுக்கு 36
7.7.2025 – ஐம்பதுக்கு 29

காவாந்தண்டலம் கிராமத்துச் சுகிர்தாவின் கைப்பேசிக்கு வந்த மதிப்பெண்கள் இவை. நாற்பதுக்குக் கீழே மூன்று முறை போனால் வேலை இல்லை. இரண்டு முறை போயாயிற்று.

ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நிறுவனம் தமிழ் பேசக் கற்றுத் தருகிறது. அவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளை வீட்டிலிருந்தே கேட்டு, உச்சரிப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை நிலை போடுவது சுகிர்தாவின் வேலை. ஒன்று என்றால் விளங்கவே இல்லை; ஐந்து என்றால் தடையில்லாமல் விளங்குகிறது. அதே பதிவுகளை வேறு இருவரும் தனித்தனியே கேட்பார்கள். மூவர் போடும் நிலைகளின் சராசரி தேறினால்தான் பேசியவரை இயந்திர வேலைக்கு அனுப்புவார்கள். ஒரு தொகுதியின் ஐம்பது பதிவுகளில் எத்தனையில் இவள் சொன்னது அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறது என்பதே அந்த மதிப்பெண்.

சுகிர்தாவுக்கு வயது முப்பத்து நான்கு. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளைத் தமிழ் இளங்கலை வரை படிக்க வைத்தார்கள். ஆறு வருடம் வேலை செய்த தனியார் பள்ளியை மூடிவிட்டார்கள். பிறகு பதினான்கு மாதம் வயல் வேலைக்குப் போனாள். இந்த வேலை கிடைத்தபோதுதான் வெயிலை விட்டு வந்தாள். திரும்ப அதே வெயிலுக்குப் போக அவளுக்கு மனமில்லை.

ஜூலை 12, சனிக்கிழமை. கணவன் பாண்டியனின் தங்கை ஷாரோன் ராஜகுளத்திலிருந்து வந்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கே தவறுகிறது என்று பார்க்க, சுகிர்தா போன தொகுதியிலிருந்து ஒரு பதிவை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"இன்னா அண்ணி, அந்தாளு வாயில வெத்தலய வெச்சிக்கினு பேசறாரா?"

"நல்லாத்தானே சொல்றாரு? 'மெஷினை நிறுத்திவிட்டுக் கையை வை.' நான் நாலு போட்டு வெச்சிருக்கேன்."

"மெஷினும் இல்ல, கையும் இல்ல. எனக்கு ஒரு எழவும் புரியல."

சுகிர்தா தன் கையிலிருந்த அட்டையை நீட்டினாள். பேச வேண்டிய வாக்கியம் அதில் அச்சாகியிருந்தது. முதல் தொகுதிக்கு அட்டை இல்லை. கேட்டு முடித்தபின் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று, இரண்டாம் தொகுதியிலிருந்துதான் நிறுவனம் அனுப்பியது. ஷாரோன் அட்டையைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டாள்.

"அட, ஆமா! இப்ப அப்டியே கேக்குது!" என்றவள் சிரித்துவிட்டாள். "சர்ச்சுலயும் நீ இதான பண்ற. யாரு வேதபாடம் படிச்சாலும் பைபிள்ல வெரல வெச்சிக்கினே வருவ. எங்கண்ணன் படிக்கறது ஊர்லயே உனக்கு மட்டுந்தான் புரியுது."

"நான் நல்லாத்தான் படிக்கறேன்," என்று பாண்டியன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிறு வயதிலிருந்து பழகிய பழக்கம். எழுத்தில் விரல் ஓடும்போது எந்த முணுமுணுப்பும் தெளிவாகத்தான் கேட்கும். அவள் நிலை போட்டது அந்த ஆட்களின் குரலுக்கு அல்ல, அட்டைக்கு.

"உட்டுத் தள்ளு. இனிமே அட்டைய பாக்காத, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் பாண்டியன்.

"நான் நாலு போட்டவங்க மெஷினாண்ட போய் நிக்கப் போறாங்களே. அவங்க 'நிறுத்து'ன்னு கத்தனா பக்கத்து ஆளுக்குப் புரியாதுய்யா."

அப்போதே மேற்பார்வையாளர் சசிரேகாவுக்குப் போன் போட்டு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சசிரேகா பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

"உங்க நாலால சராசரி ஏறி பாஸ் ஆனவங்க பதினோரு பேர் இருக்காங்க, சுகிர்தா. திங்கக்கிழமை மெஷினுக்குப் போறாங்க. நிறுத்தி வெக்கறேன். வேற ஆள் கேக்கட்டும்."

"நான் திரும்பக் கேட்டுக் குடுக்கட்டுமா மேடம்?"

"வேணாம். அந்த வாக்கியமெல்லாம் உங்க தலையில ஏறிடுச்சு. புதுசா அம்பது அனுப்பறேன், அட்டை கிடையாது. இதுலயும் நாப்பதுக்குக் கீழ போனா மூணாவது தடவை. நடந்தத எழுதித் தபால்ல அனுப்புங்க. மேல இருக்கறவங்க இன்னா சொல்வாங்கன்னு எனக்கே தெரியல."

புதிய ஐம்பதையும் சுகிர்தா நான்கு நாள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் முதலில் காதில் விழுந்ததை அப்படியே தாளில் எழுதினாள். விழாத இடத்தில் கோடு போட்டாள். அதற்குப் பிறகே நிலை. பல தாள்களில் கோடுகள்தான் அதிகம் இருந்தன. நிலைகளையும், நடந்ததை எழுதிய கடிதத்தையும் அனுப்பிவிட்டு எட்டு நாள் காத்திருந்தாள். களை எடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பியவர்களுக்கு, வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பிறகு தபாலில் கடிதம் வந்தது. அவள் நின்றபடியே படித்தாள். புதிய தொகுதியில் ஐம்பதுக்கு 45. நிறுத்தி வைத்த பதினொருவரில் ஒன்பது பேர் வகுப்புக்குத் திரும்பினார்கள். இருவர் மட்டும் தேறினார்கள். அதுவரை எவரும் இயந்திரத்தில் கை வைத்திருக்கவில்லை. இனி யாருக்கும் அட்டை முன்கூட்டியே தரப்படாது. சுகிர்தா வேலையில் தொடரலாம்.

"இன்னா போட்டுக்கீது?" என்றான் பாண்டியன்.

அவள் கடிதத்தை அவனிடம் நீட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, களை எடுக்க வரவில்லை என்று சொன்னாள்.

கடிதம் வந்த தேதி 25.7.2025, வெள்ளிக்கிழமை.