கண்ணளவு பீட்டர்

டீ கிளாஸை வாங்கும்போதே, கொடுத்தவரின் உயரத்தை பீட்டர் எடுத்துவிடுவார். உச்சந்தலையில் தொடங்கும் பார்வை மெதுவாக இறங்கி, செருப்பு நுனியில் கொஞ்சம் நின்று, மேலே ஏறும். போர்ட் பிளேரில் சவப்பெட்டி செய்பவர். பறிகொடுத்த வீட்டில் டேப்பை நீட்டுவது மரியாதையில்லை என்று கண்ணாலேயே அளந்து பழகியவர். பெட்டி குட்டை என்று இதுவரை படுத்தவர் யாரும் எழுந்து வந்து சொன்னதில்லை.

"என்னைய ஏன்ணே அளக்குறீங்க? நாங்க சந்தூக்குப் பெட்டில போயிட்டு, அதையும் பள்ளிவாசல்ல திருப்பிக் குடுத்துருவோம். எங்ககிட்ட உங்களுக்கு வியாபாரம் இல்ல," என்பார் ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடை வைத்திருக்கும் ஜாபர்.

பீட்டருக்கு வழுக்கைத் தலை. இழைப்புளி தள்ளித் தள்ளி முன்னால் வளைந்த கழுத்து. துக்கத்துக்கு மரியாதை என்று எப்போதும் கறுப்புச் சட்டை.

போன சீசனில் ஹேவ்லாக் தீவில் ஒரு வெள்ளைக்காரர் கடலில் மூழ்கிப்போனார். பெட்டிக்காக பீட்டரை வரவழைத்தார்கள். இறந்தவரின் தம்பி இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒற்றை வார்த்தை சொன்னார். "வல்ச்சர்." ஆறுதலாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்து பீட்டர் கைகூப்பினார்.

படகுத்துறையில் கைடு அஸ்வின்தான் அதற்கு அர்த்தமாகப் போனில் ஒரு கார்ட்டூனைக் காட்டினான். பாலைவனம், பட்ட மரம், அதில் கழுத்தைக் குறுக்கி உட்கார்ந்திருக்கும் வழுக்கைப் பறவை. கீழே தாகத்தில் ஊர்ந்து போகும் ஒரு மனிதன்.

"பிணந்தின்னிக் கழுகு, அங்கிள். அடுத்தவன் எப்ப விழுவான்னு காத்துக் கிடக்கிறவனை அவங்க ஊர்ல இப்படித்தான் திட்டுவாங்க. நொடிச்ச கம்பெனிய வாங்குறவன், ஆக்சிடெண்ட் கேஸ் வக்கீல், எல்லாரும் இதுதான்."

"இது ஆளைக் கொல்லுமா?"

"இல்ல. செத்தப்புறம்தான் வரும்."

"பொறவு என்னத்துக்குத் திட்டுதானுவ?"

அஸ்வினுக்குப் பாவமாக இருந்தது. "நம்ம பக்கம் ஜடாயுன்னு கும்பிடத்தான செய்றோம்."

"நான் வேதக்காரன்லா. எனக்கு அவரு சிபாரிசுக்கு வருவாரா?"

நேரில் அந்தப் பறவையை பீட்டர் கண்டதே இல்லை. பெயர் மட்டும் அவருக்கு முன்னால் கப்பலேறி வந்து, ஜாபர் கடையில் இறங்கி, கராச்சர்மா போகும் பஸ்ஸையும் பிடித்துவிட்டது. "க்யா வல்ச்சர் பாய், ஆஜ் கோயி மிலா?" இன்றைக்கு யாராவது கிடைத்தார்களா என்று ஆட்டோக்காரர்கள் இந்தியில் கேட்டுச் சிரித்தார்கள். கார்ட்டூன் போன் போனாகப் போயிற்று. ஜன்னலில் அவர் தலை தெரிந்தால், ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் முகத்தைப் போர்வையால் மூடினார்கள்.

அந்த வார்டில்தான் இப்போது அவர் மனைவி அமுதம் படுத்திருக்கிறாள். ஈரல் கெட்டுவிட்டது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனாலும் பலனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அந்த ஆளை உள்ள விடாதீங்க சிஸ்டர்" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சண்டை போட்டதில், பீட்டர் கேட்டிலேயே நின்று கஞ்சியை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறார்.

"ஏன் வரமாட்டேங்கிய?" போனில் அமுதத்தின் குரல் தேய்ந்திருந்தது. "எனக்கு உங்க மொகத்தப் பாக்கணும்."

நேற்று மதியம் கறுப்புச் சட்டையைக் கழற்றி, ஜாபரின் பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். தலையில் தொப்பி. சட்டைப்பையிலிருந்த டேப்பை ஜாபரிடம் கொடுத்தார்.

"ஹேவ்லாக் டூரிஸ்ட் மாதிரி இருக்கீங்கண்ணே," என்றார் ஜாபர். சிரிக்கவில்லை.

யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கட்டிலருகே நின்றார். அமுதத்துக்குத் தெரிந்தது, மஞ்சள் கண்ணால் சிரித்தாள். முகத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருந்தார். பார்வை நெற்றியிலிருந்து தானாக நழுவி, போர்வை மேல் இறங்கி, பாதத்தின் நுனியில் கொஞ்சம் நின்றது.

அமுதம் அதைப் பார்த்தாள். போர்வைக்குள் முழங்கால்களை மெல்ல மடக்கிக்கொண்டாள்.